போர்ட்ரஷ்ஷில் முதலில் ஜெயித்தவர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் கோல்ஃப் மைதானம் பற்றிய உங்கள் கட்டுரையில் 2019-ல் வென்ற ஷேன் லோரியையும் 2025-ல் வென்ற ஸ்காட்டி ஷெஃப்லரையும் தாராளமாகப் பாராட்டியிருந்தீர்கள். கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான ஓப்பன் சாம்பியன்ஷிப் முதன்முதலாக அங்கே நடந்தது 1951-ல். அதில் ஜெயித்த இங்கிலாந்துக்காரர் மேக்ஸ் ஃபாக்னர் மட்டும் கலர் உடை போட்ட வேடிக்கை மனிதராக ஒரே வரியில் வந்து போகிறார். இது அநியாயம்.

உடை விஷயம் உண்மைதான். போர் முடிந்து உணவு ரேஷன்கூட விலகாத பிரிட்டனில் அவர் பளிச்சென்ற மஞ்சளில் மைதானத்துக்கு வருவார். பாவம், அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.

ஆனால் அன்றைய தொழில்முறை ஆட்டக்காரரின் பிழைப்பு வேறு. 1916-ல் சசெக்ஸில் பிறந்த ஃபாக்னரின் அப்பாவும் கோல்ஃப் தொழில்காரர்தான். கிளப்பில் வேலை, உறுப்பினர்களுக்குப் பாடம், மட்டை விற்பனை, பழுதுபார்ப்பு, இதற்கு நடுவில்தான் போட்டி. ஓப்பன் அப்போது வெள்ளிக்கிழமையே முடிந்துவிடும், கடைசி இரண்டு சுற்றும் ஒரே நாளில். சனி, ஞாயிறு கிளப்பில் கூட்டம் வருமே, கடையை யார் பார்ப்பது? சாம்பியனுக்குக் கிடைத்த பரிசு 300 பவுண்டு.

ஃபாக்னர் மட்டை செய்வதில் பைத்தியம் பிடித்தவர். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டையான புட்டர் மட்டும் சுமார் 300 அவர் கையில் இருந்ததாகச் சொல்வார்கள். கரை ஒதுங்கிய கட்டையில் செய்தது ஒன்று உண்டாம். கோல்ஃபில் குறைந்த ஷாட்டில் முடிப்பவரே ஜெயிப்பார். போர்ட்ரஷ்ஷில் முதல் மூன்று சுற்றில் 71, 70, 70 ஷாட் அடித்து ஆறு ஷாட் முன்னிலை பெற்றார். கடைசிச் சுற்றுக்கு முன்பே ஒரு பந்தில் '1951 ஓப்பன் சாம்பியன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பது பிரபலமான கதை. கதை எவ்வளவு நிஜமோ, அந்தச் சுற்றில் 74 எடுத்து மொத்தம் 285-ல் முடித்து, அர்ஜென்டினாவின் அந்தோனியோ செர்தாவை இரண்டு ஷாட்டில் முந்தினார் என்பது நிஜம்.

அமெரிக்க ஜாம்பவான்கள் பென் ஹோகனும் சாம் ஸ்னீடும் அந்த வருடம் வரவில்லையே என்று சிலர் இழுப்பார்கள். சரி, வரவில்லை. ஆனால் முந்தைய இரண்டு வருடமும் கோப்பையைத் தூக்கிய பாபி லாக் வந்திருந்தார், பீட்டர் தாம்ஸன் இருந்தார், 1947 சாம்பியனும் உள்ளூர்க்காரருமான ஃப்ரெட் டேலி இருந்தார். இவ்வளவு பேரைத் தாண்டித்தான் ஜெயித்தார். அதற்கப்புறம் ஒரு பிரிட்டிஷ்காரர் ஓப்பனை வெல்ல, 1969-ல் டோனி ஜாக்லின் வர வேண்டியிருந்தது.

எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது, பிரிட்டனும் அமெரிக்காவும் அணியாக மோதிய 1957 ரைடர் கோப்பையில் அவர் நடந்துகொண்ட விதம். லிண்ட்ரிக் மைதானத்தில் முதல் நாள் ஜோடி ஆட்டங்களில் பிரிட்டன் 3-1 என்று அமெரிக்காவிடம் பின்தங்கியது. மறுநாள் தனியாட்டங்களில் ஃபாக்னருக்கும் ஹாரி வீட்மனுக்கும் இடமில்லை. வீட்மன் கோபத்தில், இனி அணித் தலைவர் டாய் ரீஸின் கீழ் ஆடவே மாட்டேன் என்று சொல்லித் தடை வாங்கிக்கொண்டார். ஃபாக்னரோ மைதானம் முழுக்க ஓடி ஓடி, மற்ற ஆட்டங்களின் நிலவரத்தைச் சொல்லித் தோழர்களை உசுப்பேற்றிக்கொண்டிருந்தார். பிரிட்டன் ஏழரைக்கு நாலரை என்று வென்றது. 1933-க்குப் பிறகு அதுதான் முதல் வெற்றி. ஓப்பன் ஜெயித்தவர், வெளியே உட்கார வைக்கப்பட்ட நாளில் இப்படி நடந்துகொள்வது சாதாரணமல்ல.

ஸ்பானிய ஓப்பனை மூன்று முறை வென்றார். 1968-ல் போர்த்துகீசிய ஓப்பனை வென்றபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மருமகன் பிரையன் பார்ன்ஸ் 1995-ல் மூத்தோர் ஓப்பனை வென்றதும் அதே போர்ட்ரஷ்ஷில்தான், மாமனார் ஜெயித்து 44 வருடம் கழித்து. ஃபாக்னருக்கு பிரிட்டிஷ் அரசு கௌரவமான ஓ.பி.இ. விருது கிடைத்தது 2001-ல். ஓப்பன் ஜெயித்து அரை நூற்றாண்டு ஆன பிறகு! 2005-ல், 88 வயதில் காலமானார். நல்லவேளை, விருது அவர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோவை