ரோஸி என்ன தப்பு செய்தாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்தாளர் கிரேம் சிம்சியனின் 'தி ரோஸி எஃபெக்ட்' நாவல் பற்றிச் சென்ற இதழில் வந்த வாசகர் கருத்துகளைப் படித்தேன். பாதிப் பேருக்கு முதல் நாவலில் இருந்த சிரிப்பு இதில் இல்லை என்ற குறை. மீதிப் பேருக்கு நாயகி ரோஸி மேல் கோபம். துறுதுறுவென்று இருந்த பெண் இரண்டாம் நாவலில் சிடுமூஞ்சி ஆகிவிட்டாளாம். புருஷனின் குணம் தெரிந்துதானே கட்டிக்கொண்டாள், இப்போது என்ன புகார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் இந்த நாவலில் முழுத் திருப்தி இல்லை. ஆனால் பழியை ரோஸி தலையில் போடுவது அநியாயம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. 2013-இல் வந்த 'தி ரோஸி ப்ராஜெக்ட்' நாவலின் நாயகன் டான் டில்மன், மெல்பர்ன் நகரில் மரபியல் பேராசிரியர். வாரத்தின் எந்த நாளில் என்ன சமையல் என்பதற்குக்கூட அவனிடம் அட்டவணை உண்டு. மனைவி தேடுவதற்கு 16 பக்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறான். அந்தக் கேள்வித்தாளில் நிச்சயம் தோற்றுப்போகக்கூடிய ரோஸி, தன்னைப் பெற்ற தகப்பன் யார் என்று தேடிக்கொண்டு வருகிறாள். அப்புறம் நடப்பதை ஊகிக்கலாம். 2014-இல் வந்த இரண்டாம் நாவலான 'தி ரோஸி எஃபெக்ட்'டில் இருவருக்கும் கல்யாணம் ஆகி நியூயார்க்கில் குடித்தனம் நடக்கிறது. ரோஸி கர்ப்பமாகிறாள்.

முதல் நாவலில் நாம் ஏன் அப்படிச் சிரித்தோம்? டானுக்கு மறைக்கத் தெரியாது, அதனால்தான். மனதில் பட்டதை யார் முன்னாலும் சொல்லிவிடுவான். ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை பற்றி மேடையேறிச் சொற்பொழிவு செய்வான், அந்த வர்ணனை தனக்கே பொருந்துவதைக் கவனிக்கமாட்டான். நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் நாவலின் நகைச்சுவை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. ரோஸிக்காக ஒரு விருந்தில் மது கலக்கித் தருபவனாக வேஷம் போடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்துக்கு வந்தவர்களுக்குத் தெரியாமல் அவர்களுடைய மரபணு மாதிரியைச் சேகரிப்பதுதான் திட்டம். கொஞ்சம் திருட்டுத்தனமான வேலை. ஆனாலும் கலவைகளின் செய்முறையை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அன்றைய கூட்டத்தின் நட்சத்திரமாகவே ஆகிவிடுகிறான். பொய்யான வேலையைக்கூட உண்மையாகச் செய்கிற ஆள். நமக்கு அவனைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இரண்டாம் நாவலில் ஆசிரியர் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்.

அப்பா ஆகப்போகிறவன் குழந்தைகளைக் கவனித்துப் பழக வேண்டும் என்ற யோசனையின் பேரில் டான் விளையாட்டுத் திடலுக்குப் போய்க் குழந்தைகளைப் படம் பிடிக்கிறான். தனியாக ஒரு ஆண் கேமராவோடு நின்றால் என்ன ஆகும்? போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. சமூக சேவகி லிடியாவிடம் அனுப்புகிறார்கள். இதுவரை எல்லாம் பழைய டான்தான், நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லாமல் மறைக்கிறான். தாய்க்கு மன அழுத்தம் கூடினால் கருவுக்கு ஆகாது என்பது அவன் கணக்கு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மூன்றாவது. கடைசியில் நண்பன் டேவின் மனைவி சோனியாவை 'இவள்தான் ரோஸி' என்று லிடியாவின் முன் கொண்டுபோய் நிறுத்துகிற அளவுக்கு வருகிறது. ஆள்மாறாட்டம்! நாடக மேடையில் காலங்காலமாகக் கைதட்டல் வாங்குகிற உத்திதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த உத்திக்கு டான் எதற்கு? வீட்டுக்குத் தெரியாமல் ஏதோ செய்துவிட்டு விழிக்கிற எந்தப் புருஷனை இந்த இடத்தில் நிறுத்தினாலும் காட்சி ஓடும். முதல் நாவலின் காட்சிகளில் டானை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடவே முடியாது.

ஆக, சிரிப்பு குறைந்தது என்று எழுதியவர்கள் சொன்னது சரிதான். முதல் நாவல் திரைக்கதையாகத்தான் பிறந்தது, ஆசிரியரும் நெடுங்காலம் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்துவிட்டு ஐம்பதை ஒட்டிய வயதில் எழுத்துக்கு வந்தவர் என்பதை எல்லாம் யோசித்தால், காட்சிகளைக் கச்சிதமாக அடுக்குவதில் அவருக்கு இருக்கிற பிடிப்பு புரிகிறது. இரண்டாவது நாவலில் அடுக்கு கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

சரி, ரோஸிக்கு வருவோம். அவள் பக்கம் நின்று ஒரு தடவை கதையைப் பாருங்கள். கர்ப்பம் என்று சொன்னதும் கணவன் ஆனந்தப்படுவதற்குப் பதிலாகக் கலங்கிப்போகிறான். இவள் என்ன சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று பட்டியலோடு பின்னால் திரிகிறான். இவளைக் கேட்காமலே, இவளுக்குக் கட்டோடு பிடிக்காத தன் நண்பன் ஜீனை வீட்டில் கொண்டுவந்து தங்க வைக்கிறான். இதற்கு நடுவில் மருத்துவப் படிப்பு, முடிக்காமல் கிடக்கிற ஆய்வேடு. எதையோ ஒளிக்கிறான் என்பது மட்டும் அவளுக்குத் தெரிகிறது. இந்த நிலையில் ஒரு பெண் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் எப்படி?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு நாவல்களையும் சொல்வது டான். ரோஸியை நாம் நேரடியாக ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை, அவன் பார்த்ததைத்தான் பார்க்கிறோம். முகம் பார்த்து மனம் அறிய முடியாதவன் அவன். காதலிக்கும்போது அவனுக்குப் புரியாமல் போனது எல்லாம் நமக்குச் சுவாரசியமாக இருந்தது. ரோஸி ஏன் திடீரென்று பேச்சை நிறுத்தினாள், ஏன் சிரித்தாள் என்று விட்டுப்போனதை நாமே நிரப்பிக்கொண்டோம். இப்போது அவள் துக்கம் அவனுக்குப் புரியவில்லை. அதனால் புத்தகத்தில் காரணம் வராமல் கோபம் மட்டும் பதிவாகிறது. வாசகர்கள் அந்தப் பதிவை அப்படியே எடுத்துக்கொண்டு அவளைச் சிடுமூஞ்சி என்கிறார்கள். டானை நம்பி ஏமாந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். அதே நேரம், அவளுக்கு இன்னும் நாலு நல்ல வசனம் கொடுத்திருந்தால் ஆசிரியருக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்றும் தோன்றுகிறது.

இது சிம்சியன் ஒருவருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. காதல் நகைச்சுவை நாவல் ஜோடி சேர்ந்ததும் முடிந்துவிடும். அடுத்த பாகம் எழுத உட்காருகிறவருக்கு மிச்சம் இருப்பது குடும்பம்தான். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸ் இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். அவருடைய நாயகன் பெர்ட்டி வூஸ்டருக்கு எத்தனையோ முறை நிச்சயதார்த்தம் நடந்தது, ஒன்றையாவது கல்யாணம் வரை போகவிட்டாரா? 1974 வரை அந்தக் கட்டை பிரம்மச்சாரியை வைத்தே எழுதினார். நாவலாசிரியை ஹெலன் ஃபீல்டிங் வேறு வழியில் போனார். அவர் எழுதிய பிரிஜெட் ஜோன்ஸ் வரிசையின் மூன்றாவது நாவலில், 2013-இல், நாயகன் மார்க் டார்சி இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வாசகிகள் கொதித்துப்போனார்கள். நாயகியை மறுபடி காதலிக்க வைப்பதற்கு இப்படியும் ஒரு குறுக்குவழி! நம் சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' இரண்டாம் பாகத்துக்கு இந்தச் சங்கடம் இல்லை. முதல் பாகம் பிரிவில் நின்றதால் அடுத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. ரோஸி கதையோ முதல் புத்தகத்திலேயே சுபமாக முடிந்துவிட்டது. அப்படி இருந்தும் சிம்சியன் யாரையும் சாகடிக்கவில்லை, பழைய காதலன் யாரையும் கதவைத் தட்ட வைக்கவில்லை. அன்பு குறையாமலே இரண்டு பேர் விலகிப்போகக்கூடும் என்பதை ஒரு சிரிப்பு நாவலில் சொல்ல முயன்றார். அந்தத் துணிச்சலுக்காவது ஒரு சபாஷ் உண்டு. உங்கள் வாசகர்களில் ஒருவரும் அதைச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

டேவ், ஜீன், மாடியில் குடியிருக்கும் முன்னாள் ராக் டிரம்மர் ஜார்ஜ் என்று டானைச் சுற்றியிருக்கும் ஆண்கள் நன்றாகவே வந்திருக்கிறார்கள். நண்பனுக்குப் புத்தி சொல்லக் கிளம்புகிற ஒவ்வொருவனும் தன் வீட்டில் கோட்டைவிட்டவன். புத்தகத்தில் நான் அதிகம் ரசித்தது இவர்களைத்தான். கடைசி அத்தியாயங்களில் எல்லா முடிச்சுகளும் அவசர அவசரமாக அவிழ்கின்றன, அது பிடிக்கவில்லை.

'இதோடு நிறுத்திக்கொள்கிறேன், மூன்றாவதைத் தொடமாட்டேன்' என்று இருவர் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். 2019-இல் வந்த 'தி ரோஸி ரிசல்ட்' நாவலில் குடும்பம் மெல்பர்னுக்குத் திரும்பிவிடுகிறது. மகன் ஹட்சனுக்கு 11 வயது, பள்ளிக்கூடத்தில் சிக்கல். முதல் இரண்டு நாவல்களும் சாமர்த்தியமாகச் சுற்றிப்போன ஆட்டிசம் பற்றிய கேள்வியை அதில் நேருக்கு நேர் எடுக்கிறார் ஆசிரியர். உங்கள் பத்திரிகையில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் நல்லது. இந்தத் தடவை ரோஸியைத் திட்டி வருகிற கடிதங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு கடிதமாவது போடுங்கள், ஒன்றை நானே எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கள் வாசகி