ஸ்கேனுக்குப் போய்விட்டு வாம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போன் பண்ணினால் "நல்லா இருக்கேன்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். கீழ் போர்ஷன்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், வேறு ஆள் பார்க்கவேண்டும். அது இருக்கட்டும்.

மார்பைத் திரும்ப அமைக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கவேண்டிய ஸ்கேன் தேதியை நீ தள்ளிப்போட்டது அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறால் சாப்பிட்டால் தடிப்பு வருகிறவர்களுக்கு ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் மருந்தை ஏற்றவே கூடாது, மூச்சு நின்றுவிடும் என்று அவள் உன்னிடம் சொன்னாளாமே. அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. காசிமேட்டு இறால் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தானே.

ஆனால் நான் விசாரித்துவிட்டேன். மாடி வீட்டுப் பையன் ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாக இருக்கிறான். அவன் அங்கே இருக்கும் டாக்டரிடம் கூட்டிப்போனான். இறால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது அதில் இருக்கும் புரதத்தால். ஸ்கேன் மருந்தில் இருப்பது அயோடின். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பழைய பேச்சு, அது தவறு என்றார். இறாலைக் காரணம் காட்டி மட்டும் இந்த ஸ்கேனை நிறுத்த மாட்டார்களாம். முன்பு இதே மாதிரி மருந்து ஏற்றி உடம்பு தடித்திருந்தால்தான் யோசிப்பார்களாம். கட்டி தெரிந்த புதிதில் உனக்கு சி.டி. எடுத்தபோதும் ஊசியில் மருந்து ஏற்றினார்களே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே? இருந்தாலும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. இறால் விஷயத்தையும் சொல். சின்னவன் சிசேரியனில் பிறந்ததையும் சொல். அடிவயிற்றில் தையல் போட்ட இடத்தில் ரத்தக்குழாய்கள் முன்பு இருந்த மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாதாம். அதையும் ஸ்கேன்தான் காட்டும்.

எதற்கு இந்த ஸ்கேன் என்று உனக்கு யாராவது பொறுமையாகச் சொன்னார்களா? அந்த டாக்டர் எனக்குத் தாளில் வரைந்தே காட்டினார். தொடை இடுக்குப் பக்கத்திலிருந்து ஒரு ரத்தக்குழாய் வயிற்றுத் தசைக்குப் பின்னால் மேலே ஏறுகிறது. அதிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் தசையைத் துளைத்துக்கொண்டு தொப்புளைச் சுற்றியுள்ள கொழுப்புக்கும் தோலுக்கும் வருகின்றன. அந்தக் கிளையோடு சேர்த்துத்தான் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்துப் புது மார்பாக வைத்து, மார்பெலும்பு ஓரத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத் தைக்கிறார்கள். கிளை எந்த இடத்தில் வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கே இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி. மெட்ரோ வாட்டரில் வேலை பார்த்த எனக்கு இது புரியாதா? பழைய வண்ணாரப்பேட்டையில் பூமிக்கடியில் குழாய் லைன் எங்கே போகிறது என்று பார்க்காமல் நாங்கள் கடப்பாரையைத் தொட்டதில்லை. நல்ல கிளை எது, தசைக்குள் எப்படி வளைந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் தசையை வெட்டி எடுக்காமல் ஆபரேஷன் செய்யலாம், மேஜையில் தேடிக்கொண்டிருக்கும் நேரமும் குறையும். அந்தப் படம் இல்லாமல் உன்னை உள்ளே அனுப்ப எனக்கு மனமில்லை.

ஸ்கேன் சில நிமிடம்தான். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்பு ருசி வரும், சிறுநீர் போய்விட்டது போலக்கூடத் தோன்றும். பயந்துவிடாதே, அது பலருக்கும் வருவதுதான். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்னாடியே பார்த்துவிட்டார்களா என்று கேள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, திரும்பவும் சொல்கிறேன்.

கீமோவுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போய், டாக்டரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டவள் நீ. அதை நான் சொல்லாத ஆள் நம் தெருவில் இல்லை. அப்பேர்ப்பட்டவள் அத்தை பேச்சைக் கேட்டா தேதியை மாற்றினாய்? எனக்கு அப்படித் தோன்றவில்லை, பாப்பா.

போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். பயத்தில் மாற்றினாயா, இல்லை இந்த ஆபரேஷனே வேண்டாம் என்று தோன்றிவிட்டதா? "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு இது" என்று இங்கேயே நாலு பேர் பேசினார்கள். அங்கே உன் மாமியார் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை என்ன நினைக்கிறார் என்றும் நீ சொன்னதில்லை. உனக்கு வேண்டுமென்றால் செய்துகொள். வேண்டாமென்றால் விட்டுவிடு, அதிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. யார் முகத்துக்காகவும் செய்துகொள்ளாதே, யார் வாய்க்குப் பயந்தும் விட்டுவிடாதே. அப்பாவிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது என்று நினைக்கிறாயா? நானே மார்பு என்று எழுதிவிட்டேன். இனி என்னம்மா வெட்கம்?

அம்மா ஒன்றும் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமையானால் வடிவுடையம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வருகிறாள். ஆனால் பையை எடுத்துவைத்துவிட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் குனிந்துதான் நடக்கவேண்டுமாம், பல வாரத்துக்குக் கனமானது எதுவும் தூக்கக் கூடாதாம். சின்னவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவள் கவலை. புனேவுக்கு ரெண்டு பேருமே வருகிறோம். ரயில் டிக்கெட் முன்கூட்டியே போட்டால்தான் கிடைக்கும். ஸ்கேன் என்றைக்கு, ஆபரேஷன் உண்டா இல்லையா, இது ரெண்டையும் எனக்கு எழுது. அத்தையிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
அப்பா