கண்ணு, அன்று நீ சொன்னதுதான் சரி

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ புது வயலினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, பரண் மேல் கிடந்த உன் பழைய முக்கால் சைஸ் வயலினை எடுத்துத் துடைத்து வாசித்தாயாம். உன் அம்மா போனில் சொன்னாள். "கை வளர்ந்துட்டது, அது சின்னதாப் போச்சுன்னு தெரியும், ஆனாலும் அதைத்தான் எடுக்கறா" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மூன்று மாதமாக உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் விஜயதசமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உனக்குப் புது வயலின் வாங்கப் போனோமே, பாலக்காட்டில் அந்த வாத்தியக் கடையில் நம்மைப் போலவே பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் நின்றிருந்தார்கள், பார்த்தாய் அல்லவா? அவர்களில் ஒருவராவது படித்தால் நல்லது என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறும்போதே நீ பேசாமல் வந்தாய். கடைக்குள் நுழைந்ததும் ஏன் என்று எனக்கே புரிந்தது. ஒரு மூலையில் ஒரு பையன் கீபோர்டில் டெமோ பட்டனை அமுக்கிவிட்டு நகர்ந்துவிட்டான், அது தானாக அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கல்லூரிப் பையன்கள் கிடார் எடுத்து ஒரே இரண்டு கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் ஒருவர் செண்டை மேளம் அடிக்கிற கோலைக் கையில் எடுத்துவிட்டார். நவராத்திரி முடிகிற நாள், அடுத்த நாள் வகுப்பு தொடங்க வேண்டிய பிள்ளைகள், எல்லாருக்கும் அவசரம். யாரையும் குறை சொல்ல முடியாது.

உட்கார இடமில்லை. அதுதான் முதல் சிக்கல், அன்று அதை நான் பெரிதாக எண்ணவில்லை. நாம் வயலினைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துத்தான் வாசிக்கிறோம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) காலத்தில் இந்த வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்தது. நம் பக்கத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். தோளில் வைத்து வாசித்த வாத்தியத்தை நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியமாக ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் கடையில் நீ எங்கே உட்காருவாய்? நின்றபடியே, வெள்ளைக்காரர் போலத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாய். பழக்கமில்லாத பிடி. கழுத்து வலிக்கிறதா என்று நான் கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை.

கடைப்பையன் மூன்று வயலினை எடுத்து வைத்தார். முதலாவதன் பிரடை, தந்தியை முறுக்குகிற ஆணி, நிற்கவே இல்லை, அதை விட்டுவிட்டோம். மற்ற இரண்டும் ஒரே விலை, ஒரே பளபளப்பு. சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்ததை நீ வாசித்தபோது எனக்கு நன்றாகக் கேட்டது. அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது. பழுப்பு நிறத்தில் இருந்தது கேட்கவே இல்லை. "இன்னும் அழுத்திப் போடு கண்ணு" என்றேன். நீ அழுத்தினாய். அப்புறம் அழுத்துவதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கனமான கீழ்ச் சத்தம் தரும் நான்காம் தந்தியில் ஒரே வில்லை அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுத்தாய். எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீ கண்ணைத் திறந்து சொன்னாய்: "மாமா, இது உள்ளே நிக்குது. அது கத்துது."

நான் கடைப்பையனைப் பார்த்தேன். அவர் சிவப்பைக் காட்டி "நல்ல சவுண்டாணு சாரே" என்றார். நான் சிவப்பை வாங்கினேன்.

பொள்ளாச்சி பஸ்ஸில் திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாய். வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து நீ ஸரளி வரிசை தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் தந்தி ஊசி மாதிரி குத்தியது. கீழ் ஸட்ஜம், அதாவது கீழ் 'ஸ', வெறும் பெட்டியைத் தட்டினது போல் இருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அடுத்த வாரம் கடைக்குப் போய்க் கேட்டேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

எனக்கு ஏன் தப்பாகக் கேட்டது என்று இந்த மூன்று மாதமாக யோசித்துப் பார்த்தேன். உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மேல்நாட்டு முறையில் சுருதி கூட்டினால் வயலினின் நான்காம் தந்தி 196 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 196 அதிர்வு), முதல் தந்தி 659 ஹெர்ட்ஸ். கடையில் இருந்த செண்டை, கீபோர்டின் அடி ஒலி, ஆட்கள் பேச்சு எல்லாம் அந்தக் கீழ்ப் பகுதியில்தான் குவிந்துகிடந்தன. ஒரு சத்தம் இன்னொரு சத்தத்தை மூடிவிடும், அதிலும் கீழ்ச் சத்தம் கொஞ்சம் மேலே இருப்பதையும் சேர்த்தே மூடும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள பகுதி. மேல் தந்தியோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகளின் கீச்சு அங்கேதான் இருக்கிறது. ஆக, நான் இரண்டு வயலினைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் இரண்டு வயலினின் கீச்சை மட்டும் கேட்டிருக்கிறேன். எதற்குக் கீச்சு அதிகமோ அது எனக்கு நல்ல வயலினாகத் தெரிந்தது.

அழுத்திப் போடு என்று சொன்னதும் தப்பு. சுற்றிச் சத்தம் இருந்தால் மனிதன் தன்னை அறியாமல் குரலை உயர்த்திவிடுவான் என்று பிரான்ஸில் லோம்பார் என்ற மருத்துவர் 1911இல் எழுதி வைத்திருக்கிறார். சந்தைக்குள் நின்று பேசுகிறவர் கத்தித்தான் பேசுவார் இல்லையா, அதுதான். கையும் அப்படித்தான் செய்யும் போலிருக்கிறது. அழுத்தினால் எந்த வயலினும் கரகரக்கும், அப்புறம் நல்லது எது கெட்டது எது என்று யாருக்குத் தெரியும்? நீ அதை உணர்ந்து கையைத் தளர்த்தினாய். யார் சொல்லிக் கொடுத்தார்கள் உனக்கு?

இப்போது நீ செய்ததைச் சொல்கிறேன். முறுக்கைக் கடித்தால் உனக்கு மண்டைக்குள் இடி மாதிரி கேட்கும், பக்கத்தில் இருப்பவருக்கு அவ்வளவாகக் கேட்காது. எலும்பு வழியாக அதிர்வு நேரே உட்செவிக்குப் போகிறது. உட்கார இடமில்லாமல் வயலினைத் தாடைக்கு அடியில் வைத்தாயே, அப்போது அந்த மரத்தின் அதிர்வு உன் தாடை எலும்பில் ஏறியது. செண்டையால் அதை முழுதாக மூட முடியவில்லை. "உள்ளே நிக்குது" என்று நீ சொன்னது அதைத்தான். கடையிலேயே அந்த வயலினை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் நீதான். பதின்மூன்று வயசுப் பிள்ளை என்று நான் உன் பேச்சைக் கேட்கவில்லை.

எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை, அதுதான் வருத்தம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது உன் தாத்தா என்னைக் கல்பாத்தித் தேர் சமயத்தில் ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போனார். வெளியே பலூன்காரன் பீப்பி, ஜனங்கள் இரைச்சல். மேடையில் மிருதங்கக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓங்கித் தட்டவே இல்லை. உடம்பை மடித்து, காதை மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சின்னக் கல்லால் விளிம்பை ஒரு தட்டு, விரலால் ஒரு தொடு, கொஞ்சம் திருப்பி மறுபடி ஒரு தட்டு. பெருவெம்பில் தோல் வாத்தியம் செய்கிறவர்களும் இப்படிக் குனிந்து கேட்பதைப் பின்னால் பார்த்திருக்கிறேன். மைக் வேண்டாம் என்று சொல்லி ஒரு காலம் கச்சேரி செய்த பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம் இது. சத்தம் அதிகமானால் வாத்தியத்துக்கு இன்னும் கிட்டப் போக வேண்டும் என்பது இங்கே பல பேருக்குக் கைப்பழக்கம். நான் அன்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டு தீர்ப்புச் சொன்னேன்.

போன வாரம் நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது உங்கள் வீட்டுக்கு வந்து ஒன்று செய்து பார்த்தேன். பஸ் டிக்கெட்டில் நகம் அளவு ஒரு துண்டு கிழித்து, நடுவில் மடித்து, உன் பழைய வயலினின் இரண்டாம் தந்தி மேல் கூரை மாதிரி உட்கார வைத்தேன். நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டு, மூன்றாம் தந்தியில் விரல் வைத்து, இரண்டாம் தந்தியின் அதே ஸட்ஜத்தைப் பிடித்து வில் போட்டேன். இரண்டாம் தந்தியை யாரும் தொடவில்லை. ஆனாலும் மரம் வழியாக வந்த அதிர்வில் அது நடுங்கியது, காகிதம் துள்ளிக் கீழே விழுந்தது. சிவப்பு வயலினில் அதே துண்டை வைத்தேன். லேசாக அசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அப்படித்தான். இதற்குக் காதே வேண்டாம், எந்த இரைச்சலிலும் கண்ணால் பார்க்கலாம். சுருதி துல்லியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் போனில் தம்புரா வைத்து ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளலாம்.

சிவப்பு வயலினை அப்படியே விட்டுவிடவும் இல்லை. தந்தி மாற்றினேன், தந்திகளைத் தாங்குகிற மரத்துண்டான குதிரையை நேராக நிறுத்தினேன். கீச்சு கொஞ்சம் அடங்கியிருக்கிறது, நீயே கவனித்திருப்பாய். கீழ் ஸட்ஜம் மட்டும் தேறவில்லை. மார்கழியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிறதே, அதில் மரம் காய்ந்து பிரடையும் நழுவுகிறது. ஐப்பசி மழையில் வாங்கும்போது இறுகித்தான் இருந்தது. ஒரு விதத்தில் காற்றடிக்கும் காலத்திலோ வெயிலிலோ வாங்குவதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது, இந்தக் குறையெல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும்.

அதனால் உன் பரீட்சை முடிந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை திறக்கிற நேரத்துக்கு மறுபடி போகிறோம். வேறு கடை. சிவப்பு வயலினை, குறையைச் சொல்லித்தான், குறைந்த விலைக்குக் கொடுத்துவிடலாம். பாக்கியை நான் போட்டுக்கொள்கிறேன், உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன்னுடைய வில்லைக் கட்டாயம் எடுத்துக்கொள். கடையில் புது வில்லுக்குப் பெரும்பாலும் ரோசினே (வில்லில் தேய்க்கிற பிசின்) போட்டிருக்க மாட்டார்கள், குதிரை மயிர் வழுக்கிக்கொண்டு போகும், சத்தம் வராது, நாம் வயலினைக் குறை சொல்வோம். எல்லா வயலினையும் ஒரே வில்லால் வாசித்தால்தான் வயலினுக்கும் வயலினுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். மூன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம், காது களைத்துவிடும். நடுவில் வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். நிறத்தைப் பார்க்காதே. வேகமாக எதையும் வாசித்துக் காட்டாதே, அங்கே யாரும் உன்னைச் சோதிக்க வரவில்லை. நான்காம் தந்தியில் அன்று இழுத்தாயே அந்த நீள வில், அதிலிருந்து தொடங்கு. கூச்சமாக இருந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள், நான் மறைத்து நிற்கிறேன். உனக்கு எது உள்ளே நிற்கிறதோ அதைச் சொல், அதுதான் வீட்டுக்கு வரும்.

கடைக்காரரிடம் நேற்றே போனில் பேசினேன். வயலின் பார்க்கப் பிள்ளை வருகிறாள், தரையில் உட்கார்ந்து வாசிக்க இடம் உண்டா என்று கேட்டேன். பின்பக்கம் பெட்டி அடுக்குகிற அறை இருக்கிறதாம், கதவும் சாத்திக்கொள்ளலாமாம். பாய் இல்லை என்றார். பாய் நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மாமா