சுவாமிநாதன் சேட்டைக்காரன் இல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல லீவுக்குப் பிள்ளைங்க என்ன படிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க. அதுல ஆர்.கே. நாராயணோட 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா அதுக்குக் கீழ "குறும்புக்காரச் சிறுவனின் கலகலப்பான சேட்டைகள்"னு ஒரே வரியில முடிச்சிருந்தீங்க. அந்த வரி ரெண்டு நாளா மனசை உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுத உக்காந்துட்டேன்.

தப்பு உங்க மேல மட்டும்னு சொல்ல வரல. நானும் முப்பது வருஷமா அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். நாங்க படிச்சப்போ அது நான்-டீடெயில், அதுவும் சுருக்கின புத்தகம், கிரிக்கெட் டீம் ஆரம்பிக்கிறது, கூட்டாளி மணியோட சண்டை, காட்டுல தொலைஞ்சு போறது, வீடு திரும்புறது, அவ்வளவுதான், பரீட்சைக்கு ஒரு எஸ்ஸே மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம். தூர்தர்ஷன்ல சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' சீரியல்ல சுவாமியா வந்த பையனோட முகமும் எல்.வைத்தியநாதனோட அந்த மியூசிக்கும்தான் ஞாபகத்துல தங்கிச்சு. இந்த வருஷம் என் பையன் ஆறாவது போயிருக்கான். சுவாமி படிக்கிற முதல் ஃபாரமும் இப்போதைய ஆறாவதுதானே, சரி சேர்ந்து படிப்போம்னு முழுப் புத்தகத்தை வாங்கினேன்.

முதல்ல ஒரு விஷயம் நடந்துச்சு, அதைச் சொல்லாம இந்த லெட்டர் நகராது. ஒரு நாள் சாயங்காலம் பையனுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். 12 பேனாவோட விலை 180 ரூபாய், 5 பேனா எவ்வளவு. பேசாம இருந்தான். அப்புறம் "அப்பா, 12 வாங்கினாத்தானே கடைக்காரர் ரேட் குறைப்பாரு, 5-க்கு எப்படி அதே ரேட் குடுப்பாரு"ன்னு கேட்டான். நான் கடை வச்சிருக்கிற ஆளு சார், அவன் கேட்டது நூத்துக்கு நூறு சரி. ஆனா அன்னைக்கு எனக்கு இருந்த அலுப்புல "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு"ன்னு தலையில ஒரு குட்டு வச்சிட்டேன். அவன் கண்ணுல தண்ணி முட்ட 75-னு எழுதிட்டு நோட்டை மூடிட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு ராத்திரி புத்தகத்துல நான் வந்து நின்ன இடம் அந்த மாம்பழக் கணக்கு. ராமன்கிட்ட பத்து மாம்பழம் இருக்கு, அதை வித்து பதினஞ்சு அணா சம்பாதிக்கணும்னு நினைக்கிறான், கிருஷ்ணனுக்கு நாலு மாம்பழம் போதும், அவன் எவ்வளவு குடுக்கணும்? சுவாமிக்கு அது கணக்காவே தெரியல, ரெண்டு மனுஷங்களா தெரியறாங்க, இந்த ராமன் என்ன இவ்வளவு பேராசை புடிச்சவனா இருக்கான்னு தோணுது. அப்பாகிட்ட போய் "மாம்பழம் பழுத்ததா"ன்னு கேக்கறான். அப்பா சிரிப்பை அடக்கிக்கிட்டு, முதல்ல கணக்கைப் போடு, பழுத்ததா இல்லையான்னு அப்புறம் சொல்றேன்கிறார். போகப்போக காதைத் திருகி, அரை மணி நேரம் போட்டு வறுத்து, கடைசியில பையன் ஆறு அணான்னு சொல்லிட்டு ஓன்னு அழுதுடறான். ஸ்கூல்ல படிச்சப்போ இந்த இடத்துல கிளாஸே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். இப்போ முடியல. பழுத்த பழமா காயாங்கறதுக்கேத்த மாதிரிதான் விலைங்கறது சந்தைக்குப் போன எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், அதைக் கேட்ட பையனுக்குக் கிடைச்சது காதுத் திருகல்.

அதுக்கு அடுத்தது இன்னும் கொடுமை. அன்னைக்கு சாயங்காலமே அப்பாவுக்கு மனசு கேக்காம பையனை கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறார். அங்க டென்னிஸ் பந்து பொறுக்கிப் போடுற பையன் யாருன்னா, உருட்டி விளையாட சக்கரம் வாங்கித் தர்றேன்னு சொல்லி சுவாமிகிட்ட காசு பிடுங்கின வண்டிக்காரனோட மகன், அந்தத் தகராறுல அவன்கிட்ட சுவாமிக்கு உயிர்பயம். அப்பா சந்தோஷமா டென்னிஸ் ஆடிட்டு இருக்கார், பிள்ளை ஓரமா நின்னு நடுங்கிட்டு இருக்கான், அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. இதுல சேட்டை எங்க சார் இருக்கு?

முழுசா படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் எனக்குத் தோணினது, இந்தப் புத்தகத்துல சேட்டைன்னு நாம சொல்ற ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பயம் இருக்கு, இல்லேன்னா பெரியவங்க போற போக்குல சொன்ன ஒரு வார்த்தை இருக்கு. காட்டுல தொலைஞ்ச கதையையே எடுத்துக்கோங்க. கிரிக்கெட் பிராக்டிஸ் பண்ணணும், ஆனா சாயங்காலம் டிரில் கிளாஸ் குறுக்க வருது, அதனால டாக்டர்கிட்ட போய் மெடிக்கல் சர்டிபிகேட் கேக்கறான். டாக்டர் சர்டிபிகேட் தரல, உங்க ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்லிடறேன்னு சொல்லி அனுப்பறார். பையன் அதை நம்பி டிரில்லுக்குப் போகாம இருக்கான். டாக்டர் சொல்லவே இல்ல! அவருக்கு அது சின்னப் பையனைச் சமாளிச்சு அனுப்ப ஒரு வார்த்தை, அந்தப் பையனுக்கோ அதுதான் எல்லாமே, ஹெட்மாஸ்டர் பிரம்பைத் தூக்கினதும் ஓடறான், வீட்டுக்கும் போக முடியாதுன்னு ஊரை விட்டே ஓடறான், மால்குடிங்கற அந்தக் கற்பனை ஊருக்கு வெளிய மெம்பிக் காட்டு ரோட்டுல வழி தப்பி விழுந்து கிடக்கிறான். இங்க அந்த அப்பா கதையில வர்ற சரயு ஆத்தங்கரையிலயும் ரயில்வே லைன்லயும் எதைத் தேடறோம்னு வாய்விட்டுச் சொல்லக்கூட பயந்துக்கிட்டு நடக்கறார். அந்தப் பக்கங்களைப் படிச்சிட்டு நான் எழுந்து போய் என் பையன் தூங்கறானான்னு பாத்துட்டு வந்தேன்.

பாட்டி விஷயமும் அப்படித்தான். வயித்துவலின்னு ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரச் சொல்றாங்க, விளையாடப் போற அவசரத்துல கேக்காம ஓடிடறான், அப்புறம் பாட்டிக்கு என்னாச்சோன்னு உள்ளுக்குள்ள பதறிக்கிட்டே வீட்டுக்கு வர்றான். நாராயண் சின்ன வயசுல சென்னை புரசைவாக்கத்துல பாட்டி வளர்த்த பிள்ளை. அதனாலதான் அந்த இடம் அவ்வளவு நெருக்கமா வந்திருக்குன்னு நினைக்கிறேன்.

சுவாமி ஸ்கூல் ஜன்னல் கண்ணாடியை உடைச்சது மட்டும் சேட்டை இல்லையான்னு யாராவது கேக்கலாம். அது அந்நியத் துணி எரிச்ச கூட்டத்துக்கு மறுநாள், ஊரே கொதிச்சுக் கிடந்த நேரம், தொப்பியைத் தீயில போட்ட பத்து வயசுப் பையன் அந்த வேகத்துல செஞ்சது. கதையில அந்தக் கூட்டம் நடக்குற தேதி 1930 ஆகஸ்ட் 15. பதினேழு வருஷம் கழிச்சு அதே தேதி நமக்கு என்னவாகப் போகுதுன்னு எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்க வழியே இல்ல, புத்தகம் வந்ததே 1935-ல. அதுவும் லண்டன்ல பதிப்பாளருங்க திருப்பித் திருப்பி அனுப்ப, நாராயண் நொந்துபோய் இங்கிலாந்துல இருந்த நண்பருக்கு இதைக் கல்லு கட்டி தேம்ஸ் நதியில போட்டுடுன்னு எழுதிட்டார், அந்த நண்பர் போடாம ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிரீன்கிட்ட கொண்டுபோய்க் குடுத்ததால நமக்குக் கிடைச்சுது.

பிள்ளைங்க கஷ்டத்தை இந்த மனுஷன் கடைசிவரைக்கும் விடல. எண்பது வயசு தாண்டி ராஜ்யசபாவுல நியமன உறுப்பினரா இருந்தப்போ, 1989-ல தன்னோட முதல் பேச்சுல எடுத்துக்கிட்டது பள்ளிப் பிள்ளைங்க முதுகுல இருக்குற புத்தக மூட்டையை. அந்தப் பாரத்துல பிள்ளைங்க கூன் போட்டு நடக்கறாங்கன்னு அங்க எழுந்து நின்னு சொன்னார். அதுக்கப்புறம்தான் பேராசிரியர் யஷ்பால் கமிட்டி உக்காந்து, சுமை இல்லாத படிப்புங்கற பேர்ல 1993-ல அறிக்கை குடுத்துச்சு. 1935-ல மாம்பழம் பழுத்ததான்னு கேட்ட அதே குரல்தான் 1989-லயும் பேசியிருக்குன்னு எனக்குப் படுது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை லிஸ்ட் போடும்போது சுருக்கத்தைப் படிக்காதீங்க, முழுசையும் படிங்கன்னு ஒரு வரி சேருங்க, பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் சேர்ந்து படிங்கன்னும் போடுங்க. ஏன்னா எங்க சுருக்கப் புத்தகத்துல அந்தக் கடைசி ரயில் காட்சியே இல்ல. சுவாமி வராததால மேட்ச் தோத்துப்போச்சுன்னு கோவத்துல பேச்சை நிறுத்தின நண்பன் ராஜம் ஊரை விட்டுப் போறான், அவனுக்குக் குடுக்க சுவாமி ஒரு புத்தகம் எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வர்றான், ரயில் நகர்ந்ததுக்கு அப்புறம்தான் அது மணி கையால ராஜம்கிட்ட போய்ச் சேருது. எனக்கு லெட்டர் போடுவானான்னு சுவாமி கேக்க, போடுவான், உன் அட்ரஸ் குடுத்திருக்கேன்கிறான் மணி. பொய், அப்போ என் அட்ரஸ் என்ன சொல்லுன்னா, அதெல்லாம் உனக்கெதுக்கு, குடுத்துட்டேன்கிறான். அவன் முகத்தைப் பாத்தா நிஜமா பொய்யான்னே தெரியல, அதோட புத்தகம் முடியுது.

என் பையன் இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் "மணி அட்ரஸ் குடுக்கலைல்லப்பா?"ன்னு மெதுவா கேட்டான். எனக்கு என்ன தோணுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவனுக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன், அன்னைக்குப் பத்தரை மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சி.