ஆத்தங்குடி அண்ணனுக்கு: நிக்கோடின் கம்மை நிறுத்தாதீர்கள், சிகரெட்டை நிறுத்துங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மாத்திரை வாங்கக் கடைக்கு வந்த அண்ணி சொன்னார்கள். சிகரெட்டை விடுவதற்காக மெல்லச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த நிக்கோடின் கம்மை நீங்கள் நிறுத்திவிட்டீர்களாம். அதை மென்றால் ஹார்ட் அட்டாக் வரும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களாம். “கம்மும் வேணாம் ஒண்ணும் வேணாம், ரெண்டே ரெண்டு சிகரெட்டோட நிறுத்திக்கிறேன்” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டீர்களாம். போனில் பேசியபோது, “பேர் போடாம எழுதிக்கப்பா, நாலு பேர் படிக்கட்டும்” என்றீர்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் என்னிடம் இதே பயத்தோடு தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத்தான் பயம் அதிகம்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நிக்கோடின் நாடித்துடிப்பைக் கூட்டும், ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றும், ரத்தக்குழாயைச் சுருக்கும். இதை யாரும் மறைக்கவில்லை. கம்மில் உள்ள அதே நிக்கோடினைத் தோல் வழியாக ஏற்றும், தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த புதிதில், 1992இல், பேட்ச் ஒட்டிக்கொண்டே சிகரெட்டும் பிடித்த சிலருக்கு மாரடைப்பு வந்ததாகச் செய்தி வந்தது. அங்கே பெரிய பீதி. அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிபுணர் குழுவைக் கூட்டி ஆராய்ந்தது. பேட்ச்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. முப்பது வருஷத்துக்கு முந்தைய அந்தப் பயம்தான் இன்னும் போன் போனாகச் சுற்றுகிறது.

அதோடு விடவில்லை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களையே, அதாவது உங்களைப் போன்றவர்களையே, வைத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் இதய நோயாளிகள் 584 பேர். ஒரு பாதிக்கு நிக்கோடின் பேட்ச், மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் பேட்ச். பத்து வாரம். எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. 1996இல் முடிவு வெளியானபோது, நிக்கோடின் பேட்ச் ஒட்டியவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும், வெறும் பேட்ச் ஒட்டியவர்களில் 7.9 சதவீதம் பேருக்கும் பெரிய இதயப் பிரச்சினைகள் வந்திருந்தன. பேட்ச் நல்லது செய்தது என்று சொல்லும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் கெடுதல் செய்தது என்று சொல்ல இதில் எதுவுமே இல்லை.

“அப்ப கம் போட்ட ஆளுங்களுக்கு அட்டாக் வருதுங்கறது பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன். இங்கேதான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். பிரிட்டனில் கம், பேட்ச் எழுதிக் கொடுக்கப்பட்ட 33,247 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். அவர்களில் 861 பேருக்கு மாரடைப்பு வந்திருந்தது. எப்போது வந்தது என்று பார்த்தால், மருந்துச்சீட்டு எழுதிய நாளுக்கு முந்தைய எட்டு வாரத்தில் மாரடைப்பு மளமளவென்று ஏறுகிறது. கம்மோ பேட்சோ தொடங்கிய பிறகு அந்த ஏற்றம் இல்லை. காரணம் எளிது. நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் டாக்டர் கம் எழுதுகிறார். உங்களுக்கும் அப்படித்தானே நடந்தது? ஆஞ்சியோ முடிந்து டிஸ்சார்ஜ் சீட்டில்தானே அது முதன்முதலாக வந்தது? இருபது, முப்பது வருஷம் புகைத்து ரத்தக்குழாய் அடைபட்டவர்கள்தான் கம் வாங்க வருகிறார்கள். அவர்களில் சிலருக்கு மறுபடி அட்டாக் வரத்தான் செய்யும். கையில் கம் இருந்தது என்பதற்காகப் பழியை அதன்மேல் போடுவது நியாயமில்லை.

இனி சிகரெட்டுக்கு வருகிறேன். ஒரு இழுப்பு இழுத்தால் பத்து, இருபது நொடியில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. கம்மில் அது வாயின் உள்தோல் வழியாக மெதுவாக ஏறி, உச்சத்துக்கு வர அரை மணி நேரம் ஆகும். அளவும் குறைவு. ஆனால் பெரிய வித்தியாசம் நிக்கோடினில் இல்லை அண்ணே, புகையில் இருக்கிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு வருகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் இதயத்துக்கு, போகும் ரத்தத்திலும் ஆக்ஸிஜன் குறைந்துவிடுகிறது. அதோடு புகை ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. தினமும் நீங்கள் போடும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் எதற்கு? பிளேட்லெட் ஒட்டாமல் இருக்கத்தான். காலையில் மாத்திரை செய்யும் வேலையை அடுத்த அரை மணியில் சிகரெட் கெடுத்துக்கொண்டிருக்கிறது. கம்மில் புகையே கிடையாது.

“ரெண்டு சிகரெட்தானே?” இந்தக் கணக்கு எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருபதிலிருந்து இரண்டுக்கு வந்தால் ஆபத்து பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். இதய விஷயத்தில் அது அப்படிக் குறைவதில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியான முடிவு இது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. முழுசாக விட்டால் கதையே வேறு. ஒரு வருஷத்தில் அந்தக் கூடுதல் ஆபத்து பாதியாகக் குறைகிறது.

நீங்கள் வேலை செய்யும் டைல் பட்டறையில் ஒருவர் “சிகரெட்டுக்குப் பதிலா வெத்தலையோட புகையிலை போட்டுக்கங்க, அதுலதான் புகை இல்லையே” என்றாராம். கேட்டுவிடாதீர்கள். 52 நாடுகளில் நடத்தி 2006இல் வெளியான பெரிய ஆய்வில், புகையிலை மெல்லுகிறவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று தெரிந்தது. பீடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மெல்லும் புகையிலையும் மெல்லும் கம்மும் ஒன்றல்ல. கம்மில் இருப்பது அளந்து வைத்த நிக்கோடின், 2 மில்லிகிராம் அல்லது 4. உலக சுகாதார நிறுவனம் இந்த நிக்கோடின் மருந்துகளை 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுப் பட்டியலில் 2022இல் வந்தது.

உங்களுக்குப் படபடப்பு வந்தது என்றும் அண்ணி சொன்னார்கள். எப்படி மென்றீர்கள் என்று கேட்டேன். பபிள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கினீர்களாம். விக்கலும் நெஞ்செரிச்சலும் அதனால்தான் வந்திருக்கும். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். மிளகைக் கடித்த மாதிரி சுருக்கென்று ஒரு காரம் ஏறும். ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மெல், மறுபடி ஒதுக்கு, வேறு பக்கத்தில். அரை மணியில் துப்பிவிடலாம். காபியோ கலர் சோடாவோ குடித்த கால் மணிக்குள் போட்டால் வாயில் சரியாக ஏறாது.

உங்கள் டைல் வேலைக்கு இது பொருந்தும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கும்போது கோடு கலங்காமல் பார்த்துக்கொள்ளும் கை உங்களுடையது. அந்த வேலை நடக்கும்போது உங்களுக்கு சிகரெட் ஞாபகமே வருவதில்லை, பார்த்திருக்கிறேன். சிமெண்ட் பூசி ஓரமாக அடுக்கிவிட்டு டீக்கு உட்காரும்போதுதான் கை சட்டைப்பைக்குப் போகிறது. அந்த நேரத்துக்கு முன்னாலேயே கம்மைப் போட்டுவிடுங்கள், டீயைக் கொஞ்சம் தள்ளிக் குடியுங்கள். கையைக் கழுவிவிட்டுப் போடுங்கள், சிமெண்ட் கையோடு வேண்டாம். இடையில் தவறி ஒரு சிகரெட் பிடித்துவிட்டாலும் பயந்து கம்மை நிறுத்த வேண்டாம். அடுத்த சிகரெட்டை நிறுத்துங்கள்.

டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாதவர்களும் உண்டு: அட்டாக் வந்து இரண்டு வாரம்கூட ஆகாதவர்கள், நெஞ்சு வலி நாளுக்கு நாள் கூடுகிறவர்கள், இதயத்துடிப்பு மோசமாகத் தாறுமாறாக இருப்பவர்கள். உங்களுக்கு டாக்டரே பார்த்துத்தான் எழுதிக் கொடுத்தார், இப்போது அந்தக் கட்டம் தாண்டி மாதக்கணக்காகியும் விட்டது. இருந்தாலும் அடுத்த செக்கப்பில் படபடப்பு வந்ததைச் சொல்லுங்கள். 2 போதுமா, 4 வேண்டுமா, எத்தனை வாரத்தில் குறைப்பது என்று அவரையே கேளுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, வியர்வை என்று வந்தால் கம்மா சிகரெட்டா என்று யோசிக்காமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பேச்சுத்துணை வேண்டுமென்றால் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் எண்ணுக்கு அழைக்கலாம், காசு கிடையாது. அண்ணியிடம் புது கம் அட்டை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி,
காரைக்குடி