ஒஸ்கா எவருடைய கிளையும் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இத்தாலியக் கார்கள் பற்றிய கட்டுரையில் 'மஸராட்டியின் துணை நிறுவனமான ஒஸ்கா' என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. எர்னெஸ்டோ, எட்டோரே, பிண்டோ மஸராட்டி சகோதரர்கள் 1937-இல் தங்கள் நிறுவனத்தை ஓர்சி குடும்பத்துக்கு விற்றதும், ஒப்பந்தப்படி பத்து ஆண்டு அங்கேயே உழைத்துவிட்டு 1947-இல் வெளியேறி, பொலோன்யாவை அடுத்த சான் லாசரோவில் ஒஸ்கா என்ற தனிக் கார் நிறுவனத்தைத் தொடங்கியதும் தாங்கள் அறியாததல்ல. சொந்தக் குடும்பப் பெயரையே தங்கள் காருக்கு வைக்க முடியாமல் போனவர்கள் அவர்கள். எம்டி4 என்ற அவர்களுடைய காரின் பெயரில் அது முதல் எழுத்தாக மிஞ்சியது. அவர்கள் விற்றுவிட்ட வீட்டுக்கே அவர்களை மறுபடி வேலைக்கு அனுப்பலாமா?

அதே பக்கத்தில் சாதாரண ஃபியட் 1500 படத்தின் கீழே 'ஒஸ்கா எஞ்சின்' என்று குறிப்பு. ஒஸ்கா வடிவமைத்த எஞ்சின் இருப்பது 1500 எஸ் என்ற வேறு ஃபியட் மாடலில். அதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 78 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 78 மி.மீ., கொள்ளளவு 1491 சி.சி.; ஹெட்டின் (எஞ்சினின் மேல் மூடி) மேலேயே, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு. சாதாரண 1500-இல் 77-க்கு 79.5, 1481 சி.சி.; கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள், வால்வைத் தூக்குவது புஷ்ராடு என்ற தள்ளுகம்பி. பத்து சி.சி. தானே என்று விட முடியாது. இந்தக் குறிப்பை நம்பி பிஸ்டன் வரவழைப்பவருக்கு ஒரு மி.மீ. இடிக்கும். ஹெட் கேஸ்கெட்டும் சேராது. 1600 எஸ்-க்குப் போர் 80 மி.மீ., 1568 சி.சி., அதுவும் ஒஸ்காவுடையதே.

முன்பு வந்த பந்தயச் சிறப்பிதழிலும் இதே அலட்சியம். 1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸும் பில் லாய்டும் ஒன்றரை லிட்டர் ஒஸ்காவில் வென்றார்கள். இரண்டாவதாக வந்த 3.3 லிட்டர் லான்சியா ஐந்து சுற்று பின்னால். அதற்கு ஒரு வரி இல்லை; ஃபெராரிக்குப் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. அப்போதே எழுதினேன், பதில் இல்லை.

1963-இல் ஒஸ்கா நிறுவனம் மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளரான அகுஸ்டாவிடம் போய், 1967-இல் மூடப்பட்டது. எதிர்த்துப் பேச ஆலையில் இன்று ஆள் இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த இதழில், படத்திலுள்ள காருக்கான போர், ஸ்ட்ரோக் என்ற இரண்டு அளவுகளோடு ஒரு சிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
கோவை