வடக்கே விதைக்கும் மானியம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் வடபகுதிப் பூர்வகுடி ஊர்களில் காய்கறி விற்கும் விலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அங்கு உணவு விலையைக் குறைக்க அரசு தரும் மானியத்தைக் கூட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்டட்டும். ஆனால் 2011 முதல் நடக்கும் 'நியூட்ரிஷன் நோர்த்' திட்டத்தில் அந்த மானியம் பெரும்பாலும் கடைகள் வழியாகத்தான் போகிறது. அது முழுமையாக மக்களைச் சேர்கிறதா என்று அரசு சரிபார்க்கவில்லை என 2014இல் தலைமைக் கணக்காய்வாளரே குறை கூறினார். அந்தப் பணத்தில் ஒரு பங்கையாவது அந்த ஊர்களில் விதை வளர்ப்போருக்குக் கொடுக்க வேண்டும்.

குளிர் நாட்டில் என்ன விளையும் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். வினிப்பெக்கிற்கு வடக்கே லொக்போர்ட்டில், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடி மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டிருக்கிறார்கள். கருகிய சோளமணிகளும், காட்டெருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்கொத்திகளும் அங்கே கிடைத்தன. தெற்கே, அமெரிக்காவின் மிசூரி ஆற்றங்கரையில் மண்டான், ஹிடாட்சா பூர்வகுடிப் பெண்கள் நல்ல கதிர்களையே விதைக்கு எடுத்து வைத்து வந்தார்கள். அவர்கள் காத்த சோளம் குட்டையானது. கதிர்கள் தரையை ஒட்டியே பிடிக்கும். உறைபனிக்கு முன் முற்றிவிடும்.

இந்த மக்களுக்கு விவசாயம் வராது என்று யாரும் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 1889இல் மேற்குச் சமவெளிகளில் பூர்வகுடி விவசாயிகள் இயந்திரம் தொடக் கூடாது, கைக்கருவிகளே போதும் என்று கொள்கை வகுத்தது அரசு. விளைந்ததை விற்கவும் அதிகாரியின் அனுமதி வேண்டும் என்ற பிரிவு 2014 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது!

விதையைப் பொட்டலமாக அனுப்பினால் வேலை முடிந்துவிடாது. சோளம் காற்றில் மகரந்தம் பரப்பும் பயிர். பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் கலந்துவிடும். பத்துச் செடியில் மட்டும் விதை எடுத்தால் வம்சம் மெலியும். தனி நிலமும் வேலியும் வேண்டும். அந்த ஊர்க் குளிரைத் தாங்கியவற்றைப் பொறுக்கியெடுக்கச் சில ஆண்டுகளாவது கூலி கொடுத்து ஒருவரை வைத்திருக்க வேண்டும். ஓராண்டு உதவித்தொகையில் இது நடக்காது. அருங்காட்சியகங்களிலும் விதை வங்கிகளிலும் உள்ள பழைய ரகங்களையும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் பலர் உங்கள் வாசகர்கள். உணவு வெளியிலிருந்து மட்டுமே வரும் நிலை அவர்களுக்குப் புரியும்.

மனிற்றோபாவின் வடபகுதிப் பூர்வகுடி ஊரான கார்டன் ஹில்லில் ஊரவர்களே பண்ணை தொடங்கினார்கள். அடுத்த முறை விலைப்பட்டியலுடன் நிறுத்தாமல், அவர்களிடம் பேசி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ